கிழக்கு மூலை ஆடு

மலைமேல் இருந்த அந்த ஊரின் பாறைக்கு விசிலம்மாதான் காவல். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ செதுக்கிய மலையாடுகளும் வில்லாளிகளும் அவள் பொறுப்பில். யாராவது தொட விரலை நீட்டினால் போதும், விசில் பறக்கும்.

போன மாதம் பக்கத்து மலையில் ஓர் ஆட்டைப் பாறையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்த காவலாளிக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து விசிலம்மாவுக்கு மதியச் சாப்பாடுகூடப் பாறையைப் பார்த்தபடிதான்.

அதனால்தான் அந்தத் தொப்பிக்காரர் கண்ணில் பட்டார். கறுப்புக் கண்ணாடி, தோளில் கனமான பை. மூன்று நாளாக வருகிறார். மற்றவர்கள் மந்தையைப் படம் எடுக்க, இவர் மட்டும் கிழக்கு மூலையில் இருந்த ஒற்றை ஆட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார். மண்டியிட்டார். அக்கம்பக்கம் பார்த்தார்.

நான்காம் நாள் உச்சி வெயிலில், பையிலிருந்து உளியும் சுத்தியலும் வெளியே வந்தன.

விசில் மலையைக் கிழித்தது. "ஆட்டைப் பேர்க்க வந்தியா? நட போலீஸ் ஸ்டேஷனுக்கு!"

"ஐயோ, சத்தம் போடாதம்மா!" பதறிப்போய் அடையாள அட்டையை நீட்டினார். தொல்லியல் துறையின் பெரிய அதிகாரி! நாளை இந்தப் பாறையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்போகிறவர்.

விசிலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களே திருடலாமா சார்?"

"ஆட்டை யாரும்மா தொட்டா? கீழே பாரு."

ஆட்டின் காலடியில் ஓர் இதயம். அதற்குள் இரண்டு பெயர்கள்.

"இதுவா? எந்தக் களவாணிப் பய செதுக்கினானோன்னு தினம் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"நான்தான்." அதிகாரி தொப்பியை முகத்தின் மேல் இறக்கிக்கொண்டார். "காலேஜ் சுற்றுலா வந்தப்போ... நாளைக்கு விழாவுக்கு என் சம்சாரமும் வர்றா."

விசிலம்மாவின் முகம் மலர்ந்தது. "அட, விடுங்க சார்! தன் பேரைக் கல்லுல பார்த்தா அவங்க பூரிச்சுப் போயிட மாட்டாங்களா?"

"அவ பேரா இருந்தா நான் எதுக்கும்மா உளியோட வர்றேன்?"

விசிலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உளியைப் பிடுங்கினாள். "பாறையில உளி படக் கூடாது சார். உங்க ஆபீஸ் உத்தரவு. வேற வழி பண்ணித் தரேன், போங்க."

மறுநாள் விழாவில், கிழக்கு மூலை ஆட்டின் காலடியை முழுசாக மறைத்துக்கொண்டு, அதிகாரியின் கையெழுத்தோடு ஒரு பலகை நின்றது: 'பாறையில் பெயர் செதுக்குவது தண்டனைக்குரிய குற்றம்.'