குழலிக்கும் நரைத்திருந்தது

கண்ணாடியில் இரண்டு பேர் நின்றார்கள்.

அவள் சீப்பை வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். கசக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கசக்கினாள்.

இரண்டு பேரும் கசக்கினார்கள்.

இமைத் துடிப்புக்கு ஊசி போட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. கண்ணைச் சுற்றி ஐந்து குத்து. மறு கண்ணுக்கும் ஐந்து.

பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்று தெருவே சொன்னது. ஒன்றரை வருஷம் துடித்தது. ஒரு நல்லதையும் காணோம். பிறகு வலக்கண்ணும் சேர்ந்துகொண்டது. நடுரோட்டில் இரண்டு கண்ணும் தானாக இறுக மூடிக்கொள்ளும். பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே கிடப்பான்.

ஊசி போட்டதும் துடிப்பு அடங்கியது, வாஸ்தவம். பதிலுக்கு எல்லாம் இரண்டாகிவிட்டது.

இரண்டு வாசற்படி. இரண்டு பூனை. இரண்டு டம்ளர். இல்லாத டம்ளரில் காப்பியை ஊற்றினாள். அது புருஷன் ஆவுடையப்பனின் முழங்காலில் போய் விழுந்தது.

அவர் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது. அந்தச் சூட்டோடேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எடுத்த நர்ஸ் பதறவில்லை. சில பேருக்கு வரும், ஆறு வாரத்தில் போய்விடும், மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டுங்கள் என்றாள். அடுத்த தடவை டாக்டரிடம் மறக்காமல் சொன்னால் இடத்தை மாற்றிப் போடுவார்களாம், மறுபடி வராதாம்.

அவரே ஒட்டிவிட்டார்.

வாசற்படி ஒன்றானது. பூனை ஒன்றானது.

மறுநாள் காலை அவர் பால் வாங்கப் போனார். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலை வார நின்றாள்.

பக்கத்தில் நின்ற முகம் ஒரு விரற்கடை கீழே இருந்தது.

குழலி எப்போதும் அவளைவிட ஒரு விரற்கடை குட்டை.

குழல்வாய்மொழி. அவளோடு கூடப் பிறந்த இரட்டை. இருபத்திரண்டு வயதில் மஞ்சள்காமாலையில் போனவள்.

ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பா இவளை மட்டும்தான் தென்காசி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார். ரெண்டும் ஒரே மூஞ்சி, எதுக்கு ரெண்டு போட்டோ என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். குழலியும் சிரித்தாள்.

இப்போது குழலிக்கும் நரைத்திருந்தது. கழுத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. நாற்பது வருஷம் எங்கே இருந்தாளோ, அங்கேயே வயசாகி வந்திருந்தாள்.

"கிழவியாயிட்டியேட்டி" என்றாள் இவள்.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

ஐந்தாம் வகுப்பில் காலரா ஊசி போட வந்தார்கள். குழலி வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். இவள் தன் ஊசியைப் போட்டுக்கொண்டு, ரிப்பனை மாற்றிக் கட்டி, மறுபடி வரிசையில் நின்று, குழலி பெயரைச் சொல்லி மறு கையை நீட்டினாள். இரண்டு கையும் வீங்கிவிட்டன. மூன்று நாள் காய்ச்சல். குழலி பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினாள்.

செத்துப் போயிராதட்டி, செத்துப் போயிராதட்டி என்று அழுதாள்.

யார் யாரிடம் சொல்வது.

தினமும் காலையில் பிளாஸ்திரிக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கல்யாணம். இரண்டு பிள்ளைகள். வீட்டை விற்றது. கடைசி நாட்களில் அம்மா இவளைக் குழலி என்றே கூப்பிட்டது. அதைத் திருத்தாமல் இருந்தது.

ஒருநாள் ஆவுடையப்பன் பாலோடு சீக்கிரம் வந்துவிட்டார்.

"யார்கூடளா பேசுத?"

அவள் திரும்பவில்லை. அவர் நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். அவள் முகத்தில் மூக்குக் கண்ணாடி இல்லாததைப் பார்த்தார். அவர் குழலியைப் பார்த்ததே இல்லை. அவர் மாப்பிள்ளையாக வரும் முன்பே அவள் போய்விட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி வெளியே போனார்.

அதற்குப் பிறகு தினமும் பால் வாங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஐந்தாவது வாரத்தில் குழலி நெருங்கி வர ஆரம்பித்தாள். முதலில் அவள் காது மறைந்தது. பிறகு கன்னம். இவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், விலகி நின்று பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை கண்ணாடியில் இவள் மட்டும் நின்றாள்.

தரையில் உட்கார்ந்து அழுதாள். குழலி முதல் தடவை போனபோதுகூட இப்படி அழவில்லை. அப்போது அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் துடிப்பு திரும்பி வந்தது.

டாக்டர் சின்னப் பெண். நல்ல மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"போன தடவை போட்டதுல ஏதும் தொந்தரவு இருந்துச்சாம்மா? ரெண்டு ரெண்டாத் தெரியறது, அந்த மாதிரி?"

ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் ரீடிங் எடுத்தவர். ஒன்று விடாமல் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்.

"இல்லை டாக்டர்" என்றாள் அவள். "எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஸார், நீங்க ஏதோ எழுதிக் கொண்டாந்திருக்கீங்களே?"

அவர் தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இது கரண்டு பில் சமாச்சாரம்" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நல்லது. அப்போ போன தடவை போட்ட இடத்துலயே போட்டுடலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள்.