ஒற்றை நட்சத்திரம்

அட்சயாவின் முதல் கன்ட்ரி பாணி இசைத்தொகுப்புக்கு இணையத்தில் நாற்பது நேயர்கள் ஐந்து நட்சத்திரங்கள் வழங்கிப் பாராட்டியிருந்தனர். ஒருவர் மட்டும் ஒற்றை நட்சத்திரமிட்டு, "பனி அள்ளும் இயந்திரமே இதைவிட நன்றாகப் பாடும்" என்று எழுதியிருந்தார்.

"சனிக்கிழமை நான் மேடை ஏறமாட்டன், அப்பா!" என்று விம்மினாள் அட்சயா.

"உவங்கள் எழுதுறதை விடு, பிள்ளை."

"ஏலாது. கச்சேரி வேண்டாமெண்டு சொல்லப்போறன்."

அவள் கைப்பேசியை எடுத்ததும் தந்தை தங்கத்துரை பதறிப்போனார்.

"பொறு பிள்ளை, அது நான் எழுதினது!"

"நீங்களோ? ஏன்?"

"நாற்பது பேரும் புகழ்ந்தால் நாவூறு படாதோ? சின்னனிலை உன்ரை கன்னத்திலை கறுப்புப் பொட்டு வைச்சனான். இப்ப வைக்க விடுவியே?"

அட்சயா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிற்றாரை எடுத்தாள்.

"அதுக்கு இவ்வளவு பெரிய பொட்டோ, அப்பா?"