மாஸ்டரும் தொட்டாற்சிணுங்கியும்

“மறுபடியும் தொட்டீங்களா? சின்னப் பிள்ளையா நீங்க? எடுங்க கையை!”

தையல் மாஸ்டரின் மனைவி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு டீச்சர் காபியை மேலே கொட்டிக்கொண்டாள்.

தினமும் இதே கூத்துதான்.

பக்கவாதம் வந்ததில் மாஸ்டரின் வலது கை முடங்கிவிட்டது. கத்தரி பிடித்த கை. விரல்கள் சீக்கிரம் அசையாவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையையும் பூட்டியாயிற்று.

பாவம், அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம், வேலியோரம் தானாக முளைத்துப் பரவிய தொட்டாற்சிணுங்கிதான். முக்காலி போட்டு உட்கார்ந்து, வலது முழங்கையை இடக்கையால் தாங்கி, இலையைத் தொடுவார். அது படக்கென்று மூடிக்கொள்ளும். கெக்கெக்கே என்று சிரிப்பார். திறக்கும்வரை காத்திருந்து மறுபடி தொடுவார்.

அதுகூடப் பொறுக்கவில்லை அந்த அம்மாளுக்கு!

“முள்ளு குத்தினா எங்கிட்ட வராதீங்க! தெருவே பார்த்துச் சிரிக்குது!”

‘இவளெல்லாம் ஒரு மனுஷியா?’ என்று பொருமிய டீச்சர், விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள்.

“ஏங்க்கா அவரை இப்படிக் கரிச்சுக் கொட்டறீங்க? இந்தச் செடிதானே பிரச்சனை? பிடுங்கிப் போட்டுட்டா சண்டை தீர்ந்துச்சு!” என்று குனிந்தாள்.

மாஸ்டருக்கு முகம் செத்துப்போயிற்று.

மனைவியோ பாய்ந்து வந்து, டீச்சரைத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“அடிப்பாவி டீச்சர்! என் குடியைக் கெடுக்கப் பாத்தியே!”

“நானா?”

“விரலை நீட்டி மடக்க டாக்டர் ரப்பர் பந்து குடுத்தாரு. செய்யுங்கன்னு கெஞ்சினேன். பந்து பக்கத்து மாடிக்குப் பறந்துச்சு. களிமண் பிசையுங்கன்னேன். கிண்ணத்தோட பறந்துச்சு. கட்டின நாள்லேர்ந்து நான் செய்யுங்கன்னு சொன்ன ஒண்ணையும் அவர் செஞ்சதில்ல. செய்யாதீங்கன்னு சொன்னா மட்டும்...”

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“ஒருநாள் சும்மா அந்தச் செடியை இடக்கையால தொட்டாரு. ‘வலது கையால மட்டும் தொட்டீங்க, தெரியும் சேதி’ன்னேன். அவ்வளவுதான்! போன வாரம் ஆள்காட்டி விரல் நிமிர்ந்துச்சு. இப்ப நடுவிரலும்.”

டீச்சர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மாஸ்டர் சாத்திய கதவின்மேல் ஒரு கண்ணை வைத்தபடி, திருட்டுத்தனமாக வலது கையை இலைப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மோதிர விரல் இன்னும் மடங்கியே கிடந்தது.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மாஸ்டர்! மோதிர விரலால மட்டும் தொட்டுப் பாருங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன், ஆமா!”