நெற்றி மாதிரி ஓர் இடம்

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் மேடம்! ஒன்பது கல்யாணம் உள்ள இருக்கு, திறக்கவே மாட்டேங்குது" என்று கத்தினார் போட்டோ ஸ்டுடியோக்காரர் அம்பலவாணன். அழிந்த தகவல்களை மீட்டுத் தரும் தமயந்தி, அவர் நீட்டிய ஹார்ட் டிஸ்கைத் திருப்பினாள். ஆயுதபூஜைச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. சுரண்டினாள். அடியில் ஊசித்துளை, பக்கத்திலேயே, மூடக்கூடாது என்ற எச்சரிக்கை.

"படிக்கத் தெரியாதா சார்? அது மூச்சு விடுற ஓட்டை. அதை அடைச்சிட்டு கம்பெனிக்காரனத் திட்டுறீங்க!"

"அந்த இடந்தான் மேடம் நெத்தி மாதிரி இருந்துச்சு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வீட்டுக்கும் யார் பதில் சொல்வது? பஞ்சு எடுக்க வெடுக்கென்று திரும்பியவள் அப்படியே நின்றாள். எதிரே அவளுடைய கணினி. அதன் காற்றுத்துளைகளின் மேல் அதே ஆயுதபூஜைக்கு அவளே வைத்த சந்தனப் பொட்டு. நெற்றி மாதிரி இருந்த இடத்தில்தான்.