நிறம் மாற்றும் திருகு

அமெரிக்காவிலிருந்து இந்து அக்கா அனுப்பிய வீடியோ கேசட் எங்கள் வீட்டு டிவியில் கறுப்பு வெள்ளையாக உருண்டு உருண்டு ஓடியது. வெள்ளிக்கிழமை எனக்கும் அக்காவின் கணவரான அத்தானின் தம்பிக்கும் நிச்சயம். வருகிறவர்களுக்குக் கலரில் காட்ட வேண்டும் என்று அம்மா என்னையும் கேசட் கடைக்கு அழைத்துப் போனாள்.

"அந்த ஊர்க் கேசட் நம்ம டிவிக்கு ஒத்துவராதுக்கா. இந்த மிஷின்ல மாத்திப் பதிஞ்சு தர்றேன், பாருங்க," என்றார் கடைக்கார ஜெபராஜ்.

கலர் வந்தது. சோபா மஞ்சள். அக்காவின் இடது கன்னத்தில் நிழல் என்று நாங்கள் நினைத்திருந்தது நீலம்.

"அமெரிக்கப் படத்துல நிறம் இப்படித்தான் தப்பும்," என்று அவர் ஒரு திருகைத் திருப்பினார். சோபா பச்சையானது, சுவர் ஊதாவானது. கன்னமும் நிறம் மாறியது. அந்தத் திட்டு மட்டும் பக்கத்துத் தோலோடு சேரவில்லை. கழுத்தில் நான்கு விரல்களின் தடம் பதிந்திருந்தது.

"நல்லாருக்கேன்மா," என்றாள் திரையில் அக்கா. அத்தானின் கை அவள் பிடரியை இறுக்கி, முகத்தைக் கேமராவுக்குத் திருப்பியது. "சிரிச்சுக்கிட்டே சொல்லுடி."

ஜெபராஜ் திருகிலிருந்து கையை எடுத்தார். "இது மிஷின் கோளாறு இல்லக்கா."

"கலர் வேணாம் தம்பி. கறுப்பு வெள்ளையாவே பதிஞ்சு குடுங்க," என்றாள் அம்மா.

"நீ என்னம்மா சொல்ற?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் கடை டிவியை இரண்டு கைகளாலும் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரையைப் பார்த்து ஒவ்வொருவராக எழுந்தார்கள்.