மூடாமல் விட்டது யார்?

படகு டிக்கெட் விற்கும் இணையதளம் காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் படுத்துவிட்டது. தலைமைப் பொறியாளர் ப்ரெபன், புரோகிராமர் சிக்னேயின் மேஜைமுன் வந்து நின்றான்.

"டேட்டாபேஸ்ல ஒரே நேரத்துல நூறு இணைப்புதான் திறக்க முடியும். திறந்தா, வேலை முடிஞ்சதும் மூடணும். இதைக்கூடவா சொல்லித் தரணும்?"

"நான் மூடித்தான் எழுதியிருக்கேன்."

"அப்போ பேயா வந்து பிடிச்சுக்கிட்டிருக்கு? அங்கே பாரு!"

சுவரில் தொங்கிய பெரிய திரை, பத்து நொடிக்கொரு முறை டேட்டாபேஸைக் கேட்டு நிலவரம் காட்டும். இப்போது 'நூற்றுக்கு நூறு' என்று சிவந்து கிடந்தது.

"நாளைக்குக் கேக் உன்னோடது," என்றான். தளத்தைக் கவிழ்த்தவர் மறுநாள் எல்லோருக்கும் கேக் வாங்கி வரவேண்டும் என்பது ஓடென்ஸ் நகரில் இருந்த அந்த அலுவலகத்தின் வழக்கம்.

சிக்னே, எந்த இணைப்பு யார் கையில் என்ற பட்டியலைத் திறந்தாள்.

"சத்தமாப் படி. எல்லாரும் கேக்கட்டும்."

படித்தாள். "தொண்ணூத்தாறு இணைப்பு ஒரே புரோகிராம் கையில. பத்து நொடிக்கு ஒண்ணாத் திறந்திருக்கு. ஒண்ணைக்கூட மூடலை."

"பாத்தீங்களா! எழுதின மகாராணி யாரு?"

"மகாராஜா. போன வாரம் நீயே எழுதி, இன்னிக்குக் காலையில மாட்டினியே, அந்தத் திரை."

எட்டுத் தலைகள் சுவர்ப்பக்கம் திரும்பின. சிக்னே ஒரு விசையைத் தட்டினாள். திரை இருண்டது, தளம் எழுந்து டிக்கெட் விற்கத் தொடங்கியது.

"அப்போ... தளம் ஓடுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றான் ப்ரெபன், ஈனக்குரலில்.

"அந்தத் திரை அணைஞ்சிருந்தா ஓடுதுன்னு அர்த்தம். கேக்ல எனக்கு நடுத்துண்டு."