சுடாத நெற்றி

ஜெனிலாவின் நெற்றியில் எஸ்தர் மறுபடியும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. காலில் ஆணி குத்திய புண்ணோ கறுத்துக்கொண்டே போனது.

தன் மூட்டுகளைத் தன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தின்னும் நோய் மகளுக்கு. அந்த வெறியை அடக்கும் 'பி செல்' என்ற ரத்த அணுக்களை ஏற்றிய பிறகுதான் அவள் நடந்தாள், கபடிகூட ஆடினாள். ஆணி குத்தியபோது, "காய்ச்சல் இல்லையே, தானா ஆறிரும்" என்று எஸ்தர் சும்மா இருந்துவிட்டாள். அடங்கிக் கிடக்கும் உடம்புக்குக் காய்ச்சல் வராது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"இப்படியே விட்டா காலையே எடுக்கணும். ஊசி போட்டு அந்தச் செல்லை முறிச்சிரலாம்மா," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ஒடம்பு முழிச்சிப் புண்ணோட சண்டை போடும். ஆனா மூட்டுகளையும் பழையபடி தின்னும். மறுபடி ஏத்தவும் முடியாது."

எஸ்தர் மகளின் முழங்காலைத் தடவினாள்.

"போடச் சொல்லும்மா," என்றாள் ஜெனிலா. "கால் இருந்தாத்தானே வலிக்கும்."

ஊசி போட்ட அன்று சாயங்காலமே அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. முழங்கால் இரண்டும் வீங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"டாக்டர்! எம்புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கு!"

பேரப்பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்பவளைப் போல, எஸ்தர் வராந்தாவெங்கும் கத்திக்கொண்டு ஓடினாள்.